எதிரிகளே இல்லாத சட்டம்

புகையிலை தொடர்பாக அரசுகள் கொண்டுவரும் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் எதிர்ப்பு உண்டு. வரியை உயர்த்தினால் கள்ளக்கடத்தல் பெருகும் என்பார்கள். விளம்பரத்தைத் தடுத்தால் பேச்சுரிமை பறிபோயிற்று என்பார்கள். உறையின் மேல் புற்றுநோய்ப் படத்தை அச்சிடச் சொன்னால் படத்தின் அளவு குறித்து ஆண்டுக்கணக்கில் வழக்காடுவார்கள். ஆனால் வயது குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்னும் சட்டத்தை மட்டும் எவரும் எதிர்ப்பதில்லை. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருமனதாக ஆதரிக்கின்றன. பெற்றோர், ஆசிரியர், சமயத் தலைவர், மருத்துவர் அனைவரும் மகிழ்கிறார்கள். சிகரெட் நிறுவனங்களும் மகிழ்கின்றன. சில நாடுகளில் அச்சட்டத்தை முன்மொழிந்தவர்களே அவர்கள்தாம். ஒரு வணிகத்தைக் கட்டுப்படுத்த வந்த சட்டத்தை அவ்வணிகமே கைதட்டி வரவேற்கிறது என்றால், அச்சட்டத்தை நாம் சற்றுச் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டாமா?

இப்படிச் சொன்ன உடனேயே, அப்படியானால் பள்ளிப் பிள்ளைகளுக்கு சிகரெட் விற்கலாம் என்கிறாயா என்று ஒரு குரல் எழும். எழட்டும். விற்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் கேள்வி வேறு. இந்தச் சட்டத்தை அரசுகள் ஏன் இவ்வளவு விருப்பத்தோடு இயற்றுகின்றன? குழந்தைகள் மீதுள்ள அக்கறையால் என்பது பாடநூல் விடை. அந்த விடையை வரலாறு அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை.

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். இருபது வயதுக்குக் குறைந்தவர்கள் புகைபிடிப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1900-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் நெமோடோ ஷோ அதற்காகப் பாடுபட்டவர். சிறுவனிடமிருந்து புகையிலையைப் பறிமுதல் செய்யலாம். தெரிந்தும் தடுக்காத பெற்றோருக்கும், விற்ற கடைக்காரருக்கும் அபராதம். நல்லது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1904-இல், ருஷ்யாவுடனான போருக்குப் பணம் வேண்டியிருந்தபோது அதே அரசு புகையிலை உற்பத்தி முழுவதையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. இன்றும் ஜப்பான் டொபாக்கோ நிறுவனத்தின் பங்குகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நிதியமைச்சரின் பெயரில் இருந்தாக வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமே கூறுகிறது. பத்தொன்பது வயதுவரை ஒருவனைப் புகையிலிருந்து காக்கும் அரசு, இருபதாவது பிறந்தநாளன்று அவனிடம் கல்லாப்பெட்டியை நீட்டுகிறது.

பிரிட்டனின் கதை இன்னும் வெளிப்படையானது. போயர் போருக்கு ஆள் எடுக்கும்போது தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் பலர் உடல்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பேரரசுக்கு அச்சம் வந்துவிட்டது. மக்களின் உடல்நலச் சீரழிவை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டு 1904-இல் அறிக்கை அளித்தது. சிறுவர்களுக்கு சிகரெட் விற்பதைத் தடுக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. 1908-இன் குழந்தைகள் சட்டம் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை டால், ஹில் ஆகியோரின் ஆய்வு உலகறியச் செய்தது 1950-இல்தான் என்பதை வாசகர்கள் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதாவது மருத்துவச் சான்று வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. சான்று வந்தபின் என்ன நடந்தது? தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்தை நிறுத்த 1965 வரை ஆயிற்று. விற்பனை வயதைப் பதினாறிலிருந்து பதினெட்டாக உயர்த்த 2007 வரை ஆயிற்று. துப்பாக்கி ஏந்தும் உடல் தேவைப்பட்டபோது காட்டிய விரைவு, சாகும் உடல்களின் கணக்கு கைக்கு வந்தபோது காணாமற்போயிற்று.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடலாம். அண்மைக் காலத்து அமெரிக்காவுக்கு வருவோம், ஏனெனில் இச்சட்டத்தின் உண்மையான முகம் அங்கேதான் ஆவணங்களோடு வெளிப்பட்டது.

சிகரெட் வணிகத்துக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. அதன் வாடிக்கையாளர்கள் சாகிறார்கள், அல்லது விட்டுவிடுகிறார்கள். காலியாகும் இடங்களை யாரைக் கொண்டு நிரப்புவது? 1984-இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்துக்குள் சுற்றிய ஓர் அறிக்கை இதைக் கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு பேசுகிறது: இழந்தவர்களுக்கு மாற்றாக வரக்கூடியவர்கள் இளம் வயதினர் மட்டுமே, வேறு ஊற்று கிடையாது. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012 அறிக்கையும் இதையே மறுபக்கத்திலிருந்து சொல்லிற்று. அன்றாடம் புகைக்கும் பெரியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் முதல் சிகரெட்டைப் பதினெட்டு வயதுக்குள் பற்றவைத்தவர்கள். ஒட்டகச் சித்திரம் ஒன்றை விளம்பரத்தில் உலவவிட்டார்கள், 'ஜோ கேமல்' என்ற பெயரில். ஆறு வயதுக் குழந்தைகள் மிக்கி மவுஸுக்கு இணையாக அதை அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று 1991-இல் ஓர் ஆய்வு காட்டியது. 1997-இல்தான் ஒட்டகம் ஓய்வுபெற்றது.

இப்படிப்பட்ட வணிகம், 1990-இல் தன் கூட்டமைப்பான டொபாக்கோ இன்ஸ்டிட்யூட் வழியே ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று. கடைகளுக்கு அறிவிப்பு அட்டைகள் இலவசம். வயது குறைந்தவர்களுக்கு விற்கமாட்டோம், அது சட்டம் என்று அட்டை அறிவித்தது. மாநிலச் சட்டமன்றங்களில் வயது வரம்புச் சட்டங்களுக்கு அவர்களே ஆதரவு திரட்டினார்கள். எதற்காக? 1998-இல் மின்னசோட்டா வழக்கு முடிந்தபோது பொதுவெளிக்கு வந்த இலட்சக்கணக்கான பக்கங்களில் விடை இருந்தது. கடுமையான சட்டங்கள் வந்துவிடாமல் தடுக்க வேண்டும்; தாங்கள் பொறுப்புள்ளவர்கள் என்று காட்டிக்கொள்ள வேண்டும். அவர்கள் ஆதரித்த மாநிலச் சட்டங்கள் பலவற்றில் ஒரு சிறிய பிரிவு ஒளிந்திருந்தது. மாநிலச் சட்டம் இருக்கும்போது நகராட்சியோ மாவட்டமோ அதைவிடக் கடுமையான விதியை இயற்றக் கூடாது என்பதே அது. குழந்தையின் பெயரால் வந்த சட்டம், உண்மையில் போராடிக்கொண்டிருந்த உள்ளூர் மன்றங்களின் கையைக் கட்டிப்போட்டது.

இலக்கிய வாசகர்கள் அந்த அட்டையையே ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். புகைத்தால் சாவாய் என்று அதில் இல்லை. இதில் உள்ள நிக்கோட்டின் உன்னை விடாது என்று இல்லை. இது பெரியவர்களுக்கானது, நீ இன்னும் பெரியவன் ஆகவில்லை என்று மட்டும் இருக்கிறது. பதினான்கு வயதுப் பையன் ஒருவனிடம் இதைவிடச் சிறந்த விளம்பர வாசகத்தை எந்த விளம்பர நிறுவனத்தால் எழுதித் தர முடியும்? அவன் மீசைக்காகக் கண்ணாடி முன் நிற்கிறான். குரல் உடைந்துவிட்டதா என்று தனியே பேசிப் பார்க்கிறான். பெரியவன் ஆவதைத் தவிர அவனுக்கு வேறு கனவே கிடையாது. அந்தக் கனவின் நுழைவுச்சீட்டு இதுதான் என்று சட்டமே சான்றளித்து, கடை வாசலில் தொங்கவிடுகிறது. தடை என்னும் வடிவத்தில் ஓர் அழைப்பு.

இது வெறும் சொற்சிலம்பம் என்று சொல்பவர்களுக்காக ஆய்வுகளையும் பார்த்துவிடுவோம். மாசசூசெட்ஸில் ஆறு ஊர்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் மூன்றில் சட்டத்தைக் கறாராக அமல்படுத்தினார்கள். சோதனைக்கு அனுப்பிய சிறுவர்களுக்கு 82 விழுக்காடு கடைகள் விற்க மறுத்தன. அமலாக்கத்தின் பெருவெற்றி அது. ஆனால் அவ்வூர் இளையோரிடையே புகைபிடிக்கும் வழக்கம் குறையவில்லை. 1997-இல் வெளிவந்த முடிவு இது. எஞ்சிய 18 விழுக்காடு கடைகள் எவை என்பது எந்த ஊர்ப் பையனுக்கும் தெரியும். தெரியாவிட்டால் மேல்வகுப்பு அண்ணன் இருக்கிறான்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் வுட்ரிட்ஜ் என்றொரு சிற்றூர். 1989-இல் அங்கே கடைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. காவல்துறை இடைவிடாமல் சோதனை நடத்திற்று. மீறினால் அபராதமும் உரிமத்துக்கே கேடும் வரும். சிறுவர்களுக்கு விற்ற கடைகள் 70 விழுக்காட்டிலிருந்து ஐந்துக்கும் கீழே இறங்கின. ஏழு, எட்டாம் வகுப்பு மாணவரிடையே தொடர்ந்து புகைப்பவர்கள் 16 விழுக்காட்டிலிருந்து 5-ஆகக் குறைந்தார்கள். மாசசூசெட்ஸிலேயே நீடம் என்னும் ஊர் 2005-இல் விற்பனை வயதை 21-ஆக உயர்த்திற்று. அங்கும் மாணவர் புகைத்தல் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயிற்று. காரணம் எளிது. பதினெட்டு வயதுக்காரன் பள்ளிக்குள்ளேயே இருக்கிறான், இருபத்தொன்று வயதுக்காரன் இல்லை. ஆக, சட்டம் எப்போதும் பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. கடைக்காரரின் உரிமமும் நிறுவனத்தின் விற்பனையும் உண்மையாகவே ஆட்டம்காணும்போது அது வேலைசெய்கிறது. அவ்வாறு ஆட்டம்காணும் இடத்தில்தான் எதிரிகளும் முளைக்கிறார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

இந்தியாவின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-இல் இயற்றப்பட்டது. அதன் ஆறாவது பிரிவு பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் விற்கக் கூடாது என்கிறது. மீறினால் தண்டனை? இருபத்து நான்காம் பிரிவின்படி 200 ரூபாய் வரை அபராதம். தேநீரும் வடையுமாக நாலைந்து பேர் உட்கார்ந்து எழுந்தால் ஆகும் தொகை. இது ஒருபுறம் இருக்க, 2015-இன் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவைப் பாருங்கள். குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழாண்டுவரை கடுங்காவல், ஓர் இலட்சம் ரூபாய்வரை அபராதம். ஒரே செயல், ஒரே நாடாளுமன்றம், ஒரு சட்டத்தில் 200 ரூபாய், இன்னொன்றில் ஏழாண்டுச் சிறை! இரண்டையும் எழுதியவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருந்தால் இப்படி நிகழ்ந்திருக்காது என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் தண்டனை எவருக்கும் வலிக்காத அளவுக்குச் சிறியது. இரண்டாவது, ஒரு பெட்டிக்கடைக்காரர்மீது சுமத்த எந்த அதிகாரிக்கும் மனம் துணியாத அளவுக்குப் பெரியது. இரண்டுக்கும் நடுவே பள்ளி மதிலோரத்துக் கடை அமைதியாக நடக்கிறது. அவ்வப்போது 200 ரூபாய் ரசீதுகள் கிழிக்கப்படுகின்றன. எத்தனை கிழித்தோம் என்ற கணக்கு அரசின் சாதனைப் பட்டியலில் ஏறுகிறது.

அந்தக் கடையில் பையன் என்ன வாங்குகிறான் என்பதையும் கவனியுங்கள். அவன் பாக்கெட் வாங்குவதில்லை. ஒற்றை சிகரெட் வாங்குகிறான். 2016 முதல் பாக்கெட்டின் பரப்பில் 85 விழுக்காட்டை எச்சரிக்கைப் படமும் வாசகமும் நிறைத்திருக்க வேண்டும் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோமே, அந்தப் படம் கடைக்காரரின் கையிலேயே தங்கிவிடுகிறது. படம் யாருக்காக அச்சிடப்பட்டதோ அவன் அதைக் காண்பதேயில்லை. விலையுயர்வும் அவனைத் தொடுவதில்லை. பாக்கெட்டில் முப்பது ரூபாய் ஏறினால் ஒற்றையில் மூன்று ரூபாய்தான். இந்தியாவில் 2019-இல் பள்ளி மாணவரிடையே எடுத்த கணக்கின்படி 13 முதல் 15 வயதுக்குட்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோவொரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். பீடி குடித்த பிள்ளைகளில் 47 விழுக்காட்டினர் பத்து வயது நிரம்பும் முன்பே தொடங்கியவர்கள். மெல்லும் புகையிலையில் இது 52 விழுக்காடு. பத்து வயது! பதினெட்டா இருபத்தொன்றா என்று விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒற்றை விற்பனைக்குத் தடை விதிக்கவும், வயதை 21-ஆக உயர்த்தவும், அபராதத்தைக் கூட்டவும் 2015-இல் மத்திய அரசே ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. இப்போது பாருங்கள், எதிரிகள் முளைத்துவிட்டார்கள். விவசாயிகளின் வாழ்வு என்றார்கள், சில்லறை வணிகரின் பிழைப்பு என்றார்கள். 2017-இல் வரைவு திரும்பப் பெறப்பட்டது. 2020 இறுதியில் ஏறத்தாழ அதே திருத்தங்களோடு இன்னொரு வரைவு வந்தது. அதுவும் சட்டமாகவில்லை. 2025-இல் கர்நாடகம் தன் அளவில் வயதை 21-ஆக உயர்த்தியது; மாநிலத்தால் ஆவது மத்தியில் ஆகாமல்போனதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யில் ஏறத்தாழ 15 விழுக்காட்டுப் பங்கு ஆயுள் காப்பீட்டுக் கழகத்திடம் இருக்கிறது. நம் ஆயுளுக்கு உறுதி கூறும் அதே கழகத்திடம். புகையிலைச் சாகுபடியையும் ஏற்றுமதியையும் வளர்ப்பதற்கென்றே வணிக அமைச்சகத்தின்கீழ் குண்டூரில் ஒரு வாரியம் இயங்குகிறது. சுகாதார அமைச்சகம் ஒரு கையால் எழுதுவதை வணிக அமைச்சகமும் நிதியமைச்சகமும் இரு கைகளால் அழிக்கின்றன.

பீடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏழை வீட்டுப் பையனின் முதல் புகை பெரும்பாலும் அதுதான். 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரிக் குழு பீடிக்கான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைக்க முடிவுசெய்தது. திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு என்ற வாதம் இத்தகைய ஒவ்வொரு சலுகைக்கும் முன்வைக்கப்படும். அந்தப் பெண்களின் பெயரைச் சொல்பவர்கள் அவர்களுக்கு ஆயிரம் பீடிக்கு என்ன கூலி தருகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. அப்பெண்களின் அருகே உட்கார்ந்து நூல் கட்டிய குழந்தைகளைப் பற்றியும் சொல்வதில்லை. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித்தொழிலில் குழந்தைகளை அமர்த்தக் கூடாது என்றது. கூடவே குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கும் அளித்தது. 2016-இல் திருத்தம் வரும்வரை அவ்விலக்கு அப்படியே நீடித்தது. ஆக, பல ஆண்டுகள் இந்த நாட்டில் ஒரு குழந்தைக்கு பீடி விற்பது குற்றம், அதே குழந்தை தன் வீட்டுத் திண்ணையில் அந்த பீடியைச் சுற்றித் தருவது குற்றமில்லை. குழந்தைகள் மீதுள்ள அக்கறை என்னும் சொற்றொடரை இதற்குப் பிறகும் எப்படி முகஞ்சுளிக்காமல் வாசிப்பது?

இலக்கிய நண்பர்களின் மறுப்பு வேறு வகையானது. புகைப்பது தனிமனித சுதந்திரம், அரசு எவருடைய உதட்டிலும் கைவைக்கக் கூடாது என்பார்கள். நம் சிற்றிதழ் மரபில் சிகரெட் என்பது கிட்டத்தட்ட ஒரு நிறுத்தற்குறி. விடியவிடிய நடந்த எந்த உரையாடலின் நினைவுக்குறிப்பிலும் அது புகைந்துகொண்டே இருக்கும். எழுத்தாளரின் புகைப்படத்தில் விரலிடுக்கில் அது இல்லாவிட்டால் ஏதோ குறைவதாகவே நமக்குத் தோன்றிய காலம் ஒன்று இருந்தது. இருக்கட்டும். ஆனால் 1859-இல் சுதந்திரத்தைப் பற்றி நூல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில்லே தன் கோட்பாடு குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே விலக்கிவிட்டார். பத்து வயதில் பழக்கப்படுத்தப்பட்டவன் முப்பது வயதில் தன் தேர்வு என்று சொல்லிக்கொள்வதை எந்த அளவுக்குத் தேர்வு என்று ஏற்கலாம்? சுதந்திரத்தை விரும்புகிறவர்கள் முதலில் கோபப்பட வேண்டியது அடிமைப்படுத்தும் வணிகத்தின்மீது.

நியூசிலாந்து ஒருமுறை இந்த நாடகத்தை முடித்துவைக்க முயன்றது. 2009-ஆம் ஆண்டு தொடக்கத்துக்குப் பின் பிறந்த எவருக்கும், அவர் எந்த வயதை எட்டினாலும், சிகரெட் விற்கக் கூடாது என்று 2022 டிசம்பரில் சட்டம் இயற்றிற்று. இனி சிகரெட் பெரியவனாவதன் அடையாளம் அல்ல, ஏனெனில் அந்தத் தலைமுறை எத்தனை பெரியவனானாலும் அது கிடைக்காது. அதோடு நில்லாமல், விற்கும் கடைகளை ஏறத்தாழ 6,000-இலிருந்து 600-ஆகக் குறைக்கவும், சிகரெட்டில் நிக்கோட்டின் அளவை வெட்டவும் அச்சட்டம் வழிசெய்தது. நிறுவனங்களுக்கு உண்மையாகவே வலிக்கும் சட்டம். 2023 இறுதியில் ஆட்சி மாறியது. சட்டத்தைக் கைவிட்டால் கிடைக்கும் புகையிலை வருவாய் தாங்கள் வாக்களித்த வரிக்குறைப்புக்கு உதவும் என்று புதிய நிதியமைச்சர் நிக்கோலா வில்லிஸ் கூசாமல் சொன்னார். 2024 பிப்ரவரியில், நடைமுறைக்கு வருமுன்பே, அது நீக்கப்பட்டது. பழைய பதினெட்டு வயதுச் சட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது, அதை நீக்க வேண்டும் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. அதே வழியில் மாலத்தீவு 2025 நவம்பரிலிருந்து 2007-ஆம் ஆண்டு தொடக்கத்துக்குப் பின் பிறந்தவர்களுக்குத் தடை விதித்திருக்கிறது. சின்னஞ்சிறு தீவுக்கூட்டம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இங்கே, 18-ஐ 21 ஆக்கு என்று கோரிக்கை எழுப்புவோரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. எழுப்பட்டும். ஆனால் அந்த எண்ணைத் தூக்கி முன்னால் வைத்து, ஒற்றை விற்பனைத் தடையையும், கடைக்கு உரிமத்தையும், பீடி வரியையும் பின்னால் தள்ளுகிறார்கள் என்றால் அவர்களை நம்பமாட்டேன். ஒற்றை சிகரெட் விற்கக் கூடாது என்ற அந்த ஒரே ஒரு வரியை 2015-இல் எழுதினார்கள், 2017-இல் விலக்கிக்கொண்டார்கள், 2020-இல் மறுபடி எழுதினார்கள். அதை மட்டும் தனியே எடுத்து நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். எழுந்து நின்று எதிர்ப்பவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்கலாம்.